மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் ஆசிரிய வாழ்வு

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வி வரலாற்றில் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு (1815–1876) உரிய இடம் இரு வகையாக வரையறுக்கப்பட்டு வந்துள்ளது. இலக்கிய வரலாற்று நூல்கள் அவரைத் தலபுராணங்களையும் பிரபந்தங்களையும் மிகுதியாக இயற்றிய புலவராகக் காட்டும். பொது நினைவோ உ. வே. சாமிநாதையரின் ஆசிரியர் என்ற அளவில் அவரை அறியும். முதற் பார்வையில் மாணவர்கள் மறைகின்றனர். இரண்டாவதில் ஒரே ஒரு மாணவர் எஞ்சுகிறார். நாற்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் ஊதியம் ஏதும் வரையறுக்காது பாடஞ்சொன்ன ஒருவரின் வாழ்க்கையை, ஆசிரியர் ஒருவரின் வாழ்க்கையாகவே எடுத்துக்கொண்டு நோக்க இக்கட்டுரை முயல்கிறது. அத்தகைய ஆசிரியரை அவர் காலத்துச் சமுதாயம் எவ்வாறு சிறப்பித்தது, அச்சிறப்பு அவருடைய வாழ்க்கைத் தேவைகளை எந்த அளவிற்கு நிறைவு செய்தது என்பன இங்கே எழும் வினாக்கள்.

சான்றுகளைப் பற்றி முதலில் ஒன்று கூறவேண்டும். பிள்ளையின் வாழ்க்கையை நாம் அறிவது பெரும்பாலும் சாமிநாதையர் 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்ட சரித்திரத்தின் வாயிலாகவே. ஆசிரியர் மறைந்து ஐம்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்த நூல் அது. ஐயர் பிள்ளையுடன் உடனுறைந்து பயின்ற காலம் 1871 முதல் 1876 தொடக்கம் வரை, ஐந்து ஆண்டுகளுக்கும் குறைவு. அதற்கு முந்தைய ஐம்பத்தாறு ஆண்டுகளின் செய்திகளை அவர் பிறரிடம் கேட்டும் கடிதங்களையும் தனிப்பாடல்களையும் தொகுத்துமே எழுதினார். ஆகவே நமக்குக் கிட்டும் பிள்ளை, நோயும் கடனும் முதுமையும் கூடிய இறுதிக் காலத்துப் பிள்ளையாகவே அண்மையில் தெரிகிறார். இளமைக் காலத்துப் பிள்ளை செவிவழிச் செய்திகளின் ஊடே தெரிகிறார். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டே மேலே செல்லவேண்டும். ஆயினும் ஒரு மாணவர் தம் ஆசிரியருக்கு எழுதிய வரலாறுகளுள் இத்துணை விரிவும், குறைகளை மறையாத நேர்மையும் வாய்ந்த பிறிதொன்று அந்நூற்றாண்டுத் தமிழ் உலகைப் பற்றி நமக்குக் கிடைத்ததில்லை என்பது என் கருத்து.

கற்ற முறை

பிள்ளை 1815 ஏப்ரல் 6ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த சிற்றூர் ஒன்றிற் பிறந்தார். தந்தையார் சிதம்பரம் பிள்ளை, தாயார் அன்னத்தாச்சி. குடும்பத்தார் மதுரை மீனாட்சியம்மன் கோயிலிற் பணிபுரிந்த மரபினர். மகனுக்கு இட்ட பெயர் அவ்வுறவினைக் காட்டும். சிதம்பரம் பிள்ளை தாமே தமிழ்க் கல்வியுடையவர். சிற்றூர்களிற் பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லி, அவ்வூரார் ஆதரவிற் குடும்பம் நடத்தியவர். எனவே ஊராரின் அன்பையே ஊதியமாகக் கொண்டு வாழும் ஆசிரியத் தொழில் மகனுக்குத் தந்தை வழியே வந்ததாகும். முதற்கல்வி முழுவதும் தந்தையிடமே அமைந்தது. நிகண்டும் சதகங்களும் அந்தாதிகளும் இளமையிலேயே மனப்பாடமாயின. பதினைந்து வயதளவில் தந்தையை இழந்த பின் அவர் திருச்சிராப்பள்ளியை அடைந்து அங்கேயே நிலைகொண்டார்.

அக்காலத்தில் ஒரே இடத்தில் எல்லா நூல்களையும் கற்றல் இயலாது. ஒருவரிடம் இலக்கணம், மற்றொருவரிடம் காப்பியம், பிறிதொருவரிடம் சைவ சாத்திரம் என்று தேடிச்சென்றே கற்கவேண்டும். நூலும் ஏட்டில் இருந்தது. ஏடு பெரும்பாலும் உடையவரின் பெட்டியில் இருந்தது. திருச்சிராப்பள்ளியில் வேலாயுத முனிவரையும், முத்துவீரியம் இயற்றிய முத்துவீர உபாத்தியாயரையும் அணுகிக் கற்ற பிள்ளை, பின்னர்ச் சென்னை சென்று காஞ்சிபுரம் சபாபதி முதலியார், திருத்தணிகை விசாகப்பெருமாளையர் போன்றோருடன் பழகித் தம் ஐயங்களைத் தீர்த்துக்கொண்டார். மழவை மகாலிங்கையரின் நட்பும் அவருக்கு வாய்த்தது.

தண்டியலங்காரம் கற்ற வரலாறு இவற்றுள் தனியே நோக்கத்தக்கது. அந்நூலை நன்கறிந்த பரதேசி ஒருவர் திருச்சிராப்பள்ளியில் வீடுதோறும் பிச்சையேற்று வாழ்ந்தார். எளிதிற் பாடஞ்சொல்லும் இயல்பினர் அல்லர். பிள்ளை அவர் தெருவில் இரந்து செல்லும்போதெல்லாம் உடன் சென்று, அவர் வேண்டியவற்றை உதவி, அவர் மனம் இசைந்த பொழுதுகளிற் சிறிது சிறிதாகப் பாடங்கேட்டு அந்நூலை முடித்தார். கற்றார் ஒருவர் பிச்சையெடுத்து வாழ்ந்த நிலையும், நூலைப் பிறர்க்குத் தர அவர் தயங்கிய நிலையும் ஒருங்கே அக்காலக் கல்வியுலகைக் காட்டுகின்றன. பிற்காலத்திற் பிள்ளை கேட்டவர் எவர்க்கும் மறுக்காது பாடஞ்சொன்னமைக்கு, தாம் கற்கப்பட்ட இடர்களே காரணமாயிருத்தல் கூடும். சரித்திரம் இதனை வெளிப்படக் கூறவில்லை எனினும், அவர் நடத்தையிலிருந்து இவ்வாறு உய்த்துணர இடமுண்டு.

கற்பித்த முறை

திருச்சிராப்பள்ளியிலேயே அவரைச் சுற்றி மாணவர் குழாம் ஒன்று உருவாகிவிட்டது. பூவாளூர்த் தியாகராச செட்டியார் அக்காலத்து மாணவர். பின்னர்க் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதரானவர். 1860ஆம் ஆண்டளவிற் பிள்ளை மாயூரத்தைத் தம் உறைவிடமாகக் கொண்டார். அதன் பின் மாயூரம், திருவாவடுதுறை, பட்டீச்சுரம் ஆகிய ஊர்களுக்கிடையே அவர் வாழ்வு நடந்தது. அவர் செல்லுமிடமெல்லாம் பாடமும் உடன் சென்றது. மாட்டுவண்டியிற் செல்லும்போதும் பாடம் நடந்தது. புராண அரங்கேற்றத்திற்காக வேற்றூரில் மாதக்கணக்கிற் தங்கும்போதும் பாடம் நடந்தது. பள்ளிக் கட்டடமும் மணிக்கணக்கும் இல்லாத இக்கல்வியில் ஆசிரியர் இருக்குமிடமே பள்ளியாயிற்று.

மாணவர் நூலைப் படிக்க, ஆசிரியர் கேட்டிருந்து அரிய இடங்களுக்கு மட்டும் பொருள் கூறுதல் அவர் முறை. ஒரு செய்யுளைப் பல நாள் விரித்துரைக்கும் வழக்கம் அவருக்கில்லை. நூல்கள் பல படிக்கப்பட வேண்டும். படிக்கப் படிக்கச் சொல்லாட்சியும் பொருட்போக்கும் தாமே விளங்கும் என்னும் கருத்துடையவராகக் காணப்படுகிறார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று பிரபந்தங்கள் வரிசையாகச் செல்லும். பின்னர்ப் புராணங்களும் காப்பியங்களும் வரும். யமகமும் திரிபும் நிறைந்த அந்தாதிகளைத் தொடக்கத்திலேயே வைத்தமை இன்று நமக்கு வியப்பைத் தரலாம். ஆனால் ஒரே எழுத்துத் தொடரைப் பல வகையாகப் பிரித்துப் பொருள்காணும் பயிற்சி, புள்ளியும் இடைவெளியும் இல்லாத ஏட்டைப் படிப்பதற்கு எத்துணை இன்றியமையாதது என்பதைச் சுவடியுடன் பழகியோர் அறிவர்.

செய்யுள் இயற்றுதலும் இப்பாடத்தின் ஒரு கூறாகவே நிகழ்ந்தது. பிள்ளை தாமே ஏட்டில் எழுதுவது அரிது. அவர் வாய்மொழியாகச் சொல்லிச் செல்ல மாணவர் ஒருவர் எழுதுவார். இடையில் வந்தவருடன் உரையாடிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடருவார். புராணம் ஒன்று உருவாவதை அருகிருந்து எழுதிய மாணவர், காப்பிய அமைப்பையும் யாப்பையும் தனிப்பாடம் இன்றியே உணர்ந்தார். அம்பர்ப் புராணத்தையும் திருப்பெருந்துறைப் புராணத்தையும் எழுதும் பேறு இவ்வாறு சாமிநாதையருக்குக் கிட்டியது. இன்று ஆய்வு நெறியாளரின் அருகிருந்து கட்டுரை உருவாவதைக் காணும் மாணவர் மிகச் சிலரே என்பதை நினைக்குமிடத்து, இம்முறையின் அருமை புலனாகும்.

மாணவரிடத்து அவர் கடுஞ்சொற் கூறியதில்லை. வேங்கடராமன் என்ற பெயருடன் வந்த பதினாறு வயது இளைஞரை வேறு பெயர் உண்டோ என வினவி, வீட்டில் வழங்கிய சாமிநாதன் என்னும் பெயரால் அழைத்தவர் அவரே, அப்பெயரே நிலைத்தது. மாயூரத்து வீட்டுத் தோட்டத்தில் மரஞ்செடிகளை வைத்து வளர்ப்பதில் அவருக்குப் பெருவிருப்பு. புதிதாக எந்தக் கிளையில் தளிர் விட்டிருக்கிறது என்று காலையில் எழுந்ததும் பார்ப்பார். இதனையறிந்த சாமிநாதையர் அவருக்கு முன்னரே தோட்டத்திற்குச் சென்று தளிர்களைக் குறித்துவைத்துக் காட்டுவார். அம்மகிழ்ச்சியான பொழுதிலேயே பாடம் தொடங்கிவிடும். ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே இருந்த நெருக்கத்தையும், பல மாணவரிடையே ஆசிரியரின் நேரத்தைப் பெற ஒருவர் மேற்கொண்ட முயற்சியையும் இச்செய்தி ஒருங்கே காட்டுகிறது.

அவருடைய ஈடுபாட்டிற்கு எல்லையும் இருந்தது. இசையில் அவருக்கு நாட்டம் இல்லை. மாயூரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சாமிநாதையர் இசை பயின்றதை அறிந்தபோது, இலக்கியப் பயிற்சிக்கு அது தடையாகும் எனக் கருதினார். மாணவர் இசைப் பயிற்சியை விட்டார். அதே பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் தருவதற்கும் இலக்கணப் பிழைகள் கருதி நெடுநாள் தயங்கினார். பின் அக்கீர்த்தனைகளைக் கேட்டு உருகியே தந்தார் என்பது வரலாறு. இலக்கணத்தின் கண்கொண்டு மட்டும் இலக்கியத்தை அளக்கும் புலமை மரபின் குறை இதில் வெளிப்படுகிறது. பிற்பாடு பாயிரம் தந்தமை அவருடைய இயல்பான மென்மையைக் காட்டுகிறதே அன்றி, அம்மரபு தளர்ந்ததைக் காட்டவில்லை.

யாருக்குக் கற்பித்தார்

பிள்ளை ஆழ்ந்த சிவபத்தி உடையவர். அவர் நூல்களிற் பெரும்பாலானவை சிவத்தலங்களையும் சைவ அடியார்களையும் பற்றியவை. சேக்கிழார் பிள்ளைத்தமிழ் அவர் புகழுக்கு முதற்காரணமான நூல்களுள் ஒன்று. அத்தகையவரின் மாணவர் வரிசையிற் பிற சமயத்தவர் இயல்பாக இடம்பெற்றமை கருதத்தக்கது. புதுவைச் சவராயலு நாயகர் கிறித்தவர். இறுதிவரை உடனிருந்து பணிவிடை செய்த சவேரிநாத பிள்ளையும் கிறித்தவர். நாகூர்க் குலாம்காதிறு நாவலர் இசுலாமியர். பிற்காலத்தில் இசுலாமியத் தமிழ் இலக்கியத்திற்குப் பல நூல்களை அளித்தவர். மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை நெருங்கிய நண்பர்; அவர்மீது பிள்ளை பாடிய குளத்தூர்க் கோவை, கிறித்தவ நண்பர் ஒருவரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு சைவப் புலவர் பாடிய கோவை என்ற வகையிற் தனிச்சிறப்புடையது. நாடெங்கும் சமயக் கண்டனங்கள் அச்சேறிக்கொண்டிருந்த காலத்தில் இவை நிகழ்ந்தன என்பதை மறத்தலாகாது.

எனினும் இதனை மிகைப்படுத்துதல் கூடாது. அவரிடம் பயின்றோராக நாம் அறிவோர் யாவரும் ஆடவர். எழுத்தறிவு மரபு முன்னரே வாய்த்த சமூகங்களைச் சார்ந்தோரே மிகுதி. உணவிலும் உறைவிடத்திலும் அக்காலச் சாதி ஒழுக்கம் பேணப்பட்டது. சாமிநாதையர் உண்ணும் இடம் தனியாகவே இருந்தது. சமய எல்லையைக் கடந்த இக்கல்வி, சாதி எல்லையைக் கடந்ததாகக் கொள்ள இயலாது.

சிறப்பும் பொருளும்

பாடத்திற்கு ஊதியம் பெறாதவர், தம் வீட்டில் உண்ணும் மாணவர்க்கும் உணவளித்தவர் எவ்வாறு வாழ்ந்தார்? இவ்வினாவிற்கு விடை அவர் இயற்றிய நூல்களின் பட்டியலிலேயே உள்ளது. தலபுராணங்கள் மட்டும் இருபதுக்கு மேற்பட்டவை. பிரபந்தங்கள் அவற்றினும் பல. ஒவ்வொரு தலபுராணத்தின் பின்னும் அவ்வூர்ச் செல்வர்களின் வேண்டுகோள் ஒன்று இருந்தது. வடமொழி மூலத்தைத் தமிழில் விளங்கிக்கொண்டு, காப்பிய உறுப்புகள் அமையப் பாடி, கோயிலில் நாடோறும் படித்துப் பொருள்கூறி அரங்கேற்றுவார். முடிவில் நூலைப் பல்லக்கில் வைத்து ஊர்வலம் விடுவதும், பட்டாடையும் பொருளும் வழங்குவதும் வழக்கம். நாகைக்காரோணப் புராணம், மாயூரப் புராணம், உறையூர்ப் புராணம் முதலியவை இவ்வாறு தோன்றின. அரங்கேற்றத்தில் வந்த பொருளே மாணவரின் உணவாயிற்று. இவ்விணைப்பை நோக்காமல் அவர் ஏன் இத்தனை தலபுராணங்கள் பாடினார் என்று வியப்பதும், கற்பனை ஒருபடித்தாயிருக்கிறது என்று குறைகூறுவதும் பொருந்தா. நகரச் சிறப்பும் நாட்டுச் சிறப்பும் நூலுக்கு நூல் திரும்ப வருவது உண்மையே. ஆயினும் அந்நூல்களே ஒரு கல்விக்கூடத்தின் வருவாயாக இருந்தன என்பதும் உண்மை.

இவ்வமைப்பில் நூலாசிரியர் என்னும் உரிமையும் சில வேளைகளிற் கைம்மாறிற்று. குசேலோபாக்கியானமும் சூதசங்கிதையும் பிள்ளை பாடியவை. வெளிவந்ததோ அவரிடம் பாடங்கேட்ட செல்வரான வல்லூர்த் தேவராச பிள்ளையின் பெயரால். மாணவர்கள் இதனை அறிந்திருந்தனர். பிள்ளை வருந்தியதாகத் தெரியவில்லை. வேண்டியவர்க்கெல்லாம் பாடல் பாடித் தருவதும், மாணவர் பெயரால் செய்யுள் வழங்குவதும் அவர் இயல்பு. இதனைக் கொடை என்று ஐயர் கருதுகிறார். கொடையாக இருப்பினும், பொருளுடையாரை மறுக்க இயலாத நிலையும் அதனுள் இருந்தது என்றே எண்ணவேண்டியுள்ளது.

நிறுவனம் சார்ந்த சிறப்பினை அவருக்கு அளித்தது திருவாவடுதுறை ஆதீனம். அம்பலவாண தேசிகர் மகாவித்துவான் என்னும் பட்டத்தை வழங்கினார். பின்வந்த சுப்பிரமணிய தேசிகர் தமிழிலும் வடமொழியிலும் இசையிலும் தேர்ந்தவர், பிள்ளையைப் பெரிதும் போற்றினார். மடத்துத் தம்பிரான்களுக்குப் பிள்ளை பாடஞ்சொன்னார். ஆதீனத்திலே கற்ற தம்பிரான்கள் பிற ஊர்களின் மடங்களுக்குச் சென்றபோது அக்கல்வியும் பரவிற்று. பட்டமும் மதிப்பும் உண்மையானவை. மடத்தின் ஆதரவும் உண்மையானது. ஆனால் அவ்வாதரவு திங்கள்தோறும் வரும் ஊதியம் போன்றதன்று. அது தலைவரின் மனநிலையையும் இடையிலுள்ளோரின் சொல்லையும் சார்ந்தது. இறுதி ஆண்டுகளில் மனத்தாங்கல்கள் சில நேர்ந்தபோது பிள்ளை பட்டீச்சுரம் ஆறுமுகத்தா பிள்ளையின் இல்லத்திற் சென்று தங்கியதும், பின் மடத்திற்கே திரும்பியதும் இதனை விளக்கும். வரவு குறைந்த காலத்திலும் செலவைச் சுருக்க அறியாமையால் கடன் பெருகியது. நாடு புகழ்ந்த மகாவித்துவான் கடன்காரருக்கு விடைகூற இயலாது வருந்தியதை ஐயர் மறையாது எழுதியிருக்கிறார்.

தியாகராச செட்டியாரின் நிலையை இதனுடன் ஒப்பிடுதல் தகும். ஆசிரியரினும் புலமையிற் குறைந்தவராகத் தம்மைக் கருதிய அவருக்குக் கல்லூரி, பதவியும் குறித்த நாளில் ஊதியமும் தந்தது. புராணம் பாடியே மாணவரை ஊட்டவேண்டிய நெருக்கடி அவருக்கு இல்லை. ஆனால் கல்லூரித் தமிழ்ப் பண்டிதருக்கு அக்காலத்தில் ஆங்கில ஆசிரியருக்குரிய மதிப்பு இல்லை. பாடத்திட்டமும் தேர்வும் பிறர் வகுத்தவை. ஒரே தலைமுறைக்குள், ஒரே ஆசிரிய மரபினுள், தமிழ் கற்பித்தல் மடத்திலிருந்தும் வள்ளல்களிடமிருந்தும் அரசாங்கக் கல்லூரிக்குப் பெயர்ந்ததை இவ்விருவர் வாழ்விலும் காண்கிறோம்.

மறைவும் பின்னும்

1876 பிப்ரவரி முதல் நாள் விடியற்காலையிற் பிள்ளை திருவாவடுதுறையில் மறைந்தார். சவேரிநாத பிள்ளை அவரைத் தாங்கியிருந்தார். சாமிநாதையர் திருவாசகத்தில் அடைக்கலப்பத்தைப் படித்துக்கொண்டிருந்தார். கிறித்தவ மாணவர் மார்பிற் சாய்ந்து, அந்தண மாணவர் படிக்கத் திருவாசகம் கேட்டு ஒரு வேளாள ஆசிரியர் உயிர்நீத்த அக்காட்சிக்கு ஆய்வாளர் விளக்கம் ஏதும் வேண்டுவதில்லை.

அதன்பின் சாமிநாதையர் சுப்பிரமணிய தேசிகரிடம் கற்றும், மடத்திற் பயின்றோர்க்குக் கற்பித்தும் வந்தார். 1880இல் தியாகராச செட்டியார் கல்லூரிப் பதவியிலிருந்து ஓய்வுபெற விரும்பியபோது, அவ்விடத்திற்குத் தம் ஆசிரியரின் மாணவரே வரவேண்டும் என முனைந்தார். ஐயரைப் பிரிய மனமில்லாத தேசிகரிடம் நேரில் வந்து கேட்டு இசைவு பெற்றார். தாம் இருந்த இடத்தை உடன்பயின்ற இளையவருக்கு அளிக்க ஒருவர் இத்துணை முயன்றமை, பிள்ளையின் மாணவர்களிடையே நிலவிய உணர்வுக்குத் தக்க சான்று.

அதே ஆண்டு அக்டோபரிற் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், ஐயர் கற்ற நூல்களைக் கேட்டறிந்தார். அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் புராணங்களுமாகச் சென்ற அந்த நீண்ட பட்டியல் அவரைக் கவரவில்லை. அவற்றினும் பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவிச் சீவகசிந்தாமணியைக் காட்டினார். தமிழ்ப் பதிப்பு வரலாற்றின் திருப்புமுனையாக இந்நிகழ்ச்சி பலமுறை எழுதப்பட்டுள்ளது. அவ்வாறு எழுதுவோர் பலரும் முதலியார் ஒதுக்கிய பட்டியலைப் பிள்ளையின் கல்விக்கு எதிரான தீர்ப்பாகவே கொள்கின்றனர். பிள்ளையின் பாடத்திற் சங்க நூல்களும் சிந்தாமணியும் இல்லை என்பது மறுக்கவொண்ணாதது. அவர் காலத் தமிழ்க் கல்வியின் பெருங்குறை அது; அவர் அதனைத் திருத்த முயன்றவரும் அல்லர்.

ஆனால் 1887இல் சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தவருக்கு எவை துணைநின்றன என்று நோக்கவேண்டும். சிதைந்த ஏட்டில் சீர் குறைந்த இடத்தை ஓசையால் உணர்தல், ஒரு தொடரைப் பல வகையாகப் பிரித்துப் பார்த்தல், உரையாசிரியர் பெயர் கூறாது எடுத்தாண்ட பகுதி எந்நூலினது என்று நினைவிலிருந்து தேடுதல், தொடர்பான வழக்கைப் பிற்கால நூல்களிலிருந்து பொருத்திக் காட்டுதல் ஆகிய இவையே பதிப்பாசிரியரின் கருவிகள். நூற்றுக்கணக்கான செய்யுள்களை நாள்தோறும் படித்தும் எழுதியும் பெற்ற பயிற்சியிலேயே இவை வளர்ந்தன. அவ்வகையில் முதலியார் வேண்டிய நூல்களைப் படிக்கும் ஆற்றலை, முதலியார் ஒதுக்கிய நூல்களே தந்தன எனலாம். பிள்ளையின் பிற மாணவர்களிடம் இப்பயிற்சி எவ்வாறு பயன்பட்டது, குறிப்பாகக் குலாம்காதிறு நாவலரின் புராணங்களிலும் சவராயலு நாயகரின் செய்யுள்களிலும் ஆசிரியரின் யாப்பும் நடையும் எங்ஙனம் தொடர்கின்றன என்பது தனியே ஆராயத்தக்கது. சாமிநாதையரின் நூலை மட்டும் சான்றாகக் கொள்ளாமல், அவ்விருவர் நூல்களின் செய்யுளமைப்பையும் சிறப்புப்பாயிரங்களையும் பிள்ளையின் பிரபந்தங்களுடன் ஒப்பிடுவதே அதற்குரிய வழி.